யார் சொன்ன ரைட்?

பெட்ரோல் அடைப்பு என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தேன். கேட்டவர்களும் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். போன மாதம் மதுரையிலிருந்து இரண்டு இளவட்டங்கள் வந்து அந்தப் பொய்யை அவிழ்க்கப் பார்த்தார்கள். இரண்டு பேரும் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவர்கள். உச்சிப்புளிப் பக்கம், யுத்தகால விமான ஓடுதளத்தில் அந்தக் காலத்தில் பந்தயம் ஓட்டியவர்களில் மூச்சோடு இருக்கிறவன் நான் ஒருவன்தான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தொதல் அல்வாவும் தேத்தண்ணியும் கொடுத்தேன். தின்று முடித்துவிட்டுக் கேட்டார்கள்: எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்த நீங்கள், கடைசிச் சுற்றில் ஏன் நட்டநடுவில் வண்டியை நிறுத்தினீர்கள்?

அடைப்பு என்றேன். அதில் ஒருவன் கெட்டிக்காரன். அடைப்பு என்றால் எஞ்சின் இருமி இருமி அல்லவா நிற்கும், நீங்கள் பிரேக்கை மிதித்து நிறுத்தியதாகத்தானே பேசிக்கொள்கிறார்கள் என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டி என்னுடையது, பிரேக் என்னுடையது, உனக்கென்னப்பா வந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பந்தயத்தை நடத்திய மேஜரே மறுநாள் என் வண்டியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தவர். பெட்ரோல் குழாய், கார்புரேட்டர், பிரேக், ஸ்டீயரிங், சக்கர அச்சு என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு பழுதும் இல்லை. அவர் அதற்கப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் அந்தப் பையன்களும் அல்ல. என் தங்கச்சி செய்னம்பு போன ரமலானில் மவுத்தாகிவிட்டாள். அவள் இருந்தவரை இது அவளுடைய விஷயம். இனிமேல் எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் தொழில் படித்த கதை நீளமில்லை. எங்கள் வாப்பாவும் வாப்பாவின் வாப்பாவும் கொழும்புக்குத் தோணி விட்டவர்கள். கீழக்கரையில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாதவன் நான். தோணியில் காலை வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். ஆகவே தரையில் பிழைக்கப் பார்த்தேன். யுத்த காலத்தில் பஸ்கள் கரியில் ஓடின. ராமநாதபுரத்தில் ஒரு கரி பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்து, பின்னால் தொங்கிய அடுப்புக்குக் காற்றடித்து, முகம் கறுத்து, கடைசியில் லைசென்ஸ் வாங்கினேன். நாற்பத்தேழில் மண்டபத்தில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது தன் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். இரண்டு சீட்டுக் கார். நான்தான் வாங்கினேன். "ரெண்டு பேரு உக்கார்ற வண்டிய வச்சிக்கிட்டு நாக்கு வழிக்கவா?" என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால், சில வருஷம் கழித்து நாற்பது பேர் உட்காரும் வண்டி ஒன்றையும் வாங்கினேன்.

ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி. இதுதான் ரூட். நானே முதலாளி, நானே டிரைவர். ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் மனம் பேதலித்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். சிலரைச் சங்கிலியோடு ஏற்றுவார்கள். ஒருவர் பாடுவார், ஒருவர் அழுவார், ஒருவர் ஏறினதிலிருந்து இறங்கும் வரைக்கும் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வருவார். முதுகுக்குப் பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் திரும்பாமல் ஓட்டப் படித்தது அந்த ரூட்டில்தான்.

கண்டக்டர் என் தங்கச்சி மாப்பிள்ளை காசிம். நிக்காஹுக்கு முன்னால் கொழும்பில் ஒரு கடையில் நாலைந்து வருஷம் இருந்தவர். அங்கே பிடிக்காமல் திரும்பி வந்து என் பஸ்ஸில் பையை மாட்டிக்கொண்டார். ஒல்லியான மனிதர். குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் கனமாக இருக்கும். பந்தயக் காருக்கும் அவர்தான் மெக்கானிக். எனக்கு மச்சான், அவருக்கு நான் மச்சான். அந்த முறையிலேயே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு, கேலி பேசிக்கொண்டு, ஒரு சட்டியில் தின்று வளர்ந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

பஸ் தொழிலில் அப்போது இரண்டே வார்த்தைதான் வேதம். நிறுத்த வேண்டுமானால் 'ஓல்டான்'. எடுக்க வேண்டுமானால் 'ரைட்'. வெள்ளைக்காரன் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்று சொன்னதைத்தான் நாங்கள் நிறுத்து என்று ஆக்கிக்கொண்டோமாம், படித்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். விசில் இல்லை, மணி இல்லை. ஒரு வாயிலிருந்து வருகிற அந்த இரண்டு வார்த்தைக்கு டிரைவரின் கால் அடங்கியாக வேண்டும். வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு இடது பின்பக்கப் படிக்கட்டில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஓல்டான் என்றால் கால் பிரேக்கில், ரைட் என்றால் கால் ஆக்ஸிலேட்டரில். நடுவில் மூளைக்கு வேலை கிடையாது. திரும்பிப் பார்த்து ஓட்டுகிற டிரைவரை நம்பி எந்தக் கண்டக்டரும் படியில் நிற்க மாட்டார்.

காசிமுக்கு ஒரு பிடிவாதம். ரோட்டோரம் கை காட்டுகிற ஆளை விட்டுவிட்டுப் போகவே கூடாது. இடமில்லையே என்று நான் முணுமுணுத்தாலும் கேட்க மாட்டார். கையைத் தூக்கின மனுசனை ஏமாற்றக்கூடாது என்பார். எனக்கும் அதில் வருமானம்தானே என்று விட்டுவிட்டேன்.

பந்தய விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன அந்த ஓடுதளத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று மண்டபத்தில் குடியேறிய ஒரு மேஜர் அதைப் பார்த்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ அங்கே பந்தயம் நடத்த ஆரம்பித்தார். கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர். மலைத் தோட்டக்காரர்களும் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் கார்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு நடுவில் பஸ்காரன் நான் ஒருவன்.

மேஜர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. திட்டும்போதுகூட மரியாதை குறையாது. பந்தயத்தன்று காலையில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடுதளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாக வேண்டும். அவரும் காக்கி அரைக்கால் சட்டையோடு முன்னால் வெறுங்காலில் நடப்பார். சிமெண்டுப் பலகைகளின் இணைப்பில் ஊற்றிய தார் எங்கே இளகுகிறது, எங்கே பலகை ஒரு விரல் தூக்கி நிற்கிறது என்பதெல்லாம் காலுக்குத் தெரிய வேண்டும். கல், தகரம், உடைமுள் கிடந்தால் பொறுக்கி அவரவர் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். மில் முதலாளி மகன் ஒருவர் முகத்தைச் சுளித்தபோது மேஜர் அவரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நடந்து பாருங்க தம்பி. நீங்க செத்துப் போனா உங்கப்பாவுக்கு கடுதாசி எழுதறது நானுங்க. எனக்கு அந்த வேலை ஆகறதில்லைங்க."

நடந்து முடிந்ததும் பெட்ரோலை முழுவதும் இறக்கி, மான்தோலில் வடிகட்டித் திரும்ப ஊற்ற வேண்டும். கடற்கரைக் காற்றில் டாங்கிக்குள் தண்ணீர் கோத்துவிடும். மான்தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. காசிம் அந்தத் தோலைப் பிழிந்து காயப்போடுவதைப் பார்த்தால் பச்சைப் பிள்ளையின் துணியை அலசுவது மாதிரி இருக்கும். சக்கர நட்டுகளை முறுக்கி, முறுக்கியதைக் கம்பியால் பின்னிக் கட்டிவிட்டு, சோதனை ஓட்டத்துக்கு அவரும் இடது சீட்டில் உட்கார்ந்து வருவார். பந்தயத்தில் மட்டும் நான் தனியாக ஓட்டுவேன். ஓடுதளத்தின் இரண்டு முனையிலும் வெள்ளையடித்த தார் டிரம்கள். அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். கிழக்கு முனையில் கொடிக்காரர் ஒருவரைத் தவிர ஆள் கிடையாது. வெயில் ஏறிவிட்டால் அந்த முனை முழுவதும் கானல் தண்ணீராகத் தளும்பும். எதிரே வருகிற கார் தரையில் படாமல் மிதந்து வருவதாகத் தெரியும். உருவம் முதலில் வரும், சத்தம் அப்புறம் வரும்.

இனி அந்த நாள். சித்திரை மாசம், காற்றே இல்லாத மத்தியானம். கீழக்கரையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏர்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தோம். நடுவழியில் இடது பக்கம் முழுவதும் கடல் ஏறி வடிந்து காய்ந்த உவர்த்தரை. அந்தப் பக்கம் ஒரு குடிசை கிடையாது, ஒரு மரம் கிடையாது. அங்கே ஒரு நாளும் ஆள் ஏறினதில்லை. அந்த இடத்தில் பின்னாலிருந்து காசிம் குரல் கொடுத்தார்.

"ஓல்டான்! ஆளு வருது."

நிறுத்தினேன். வெளிச்சத்துக்குக் கண் கூசி, வலது பக்கத்துப் பனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வண்டியில் அழுகிறவர்களும் பாடுகிறவர்களும் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து எல்லோருமே வாயை மூடிக்கொண்டார்கள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து 'ரைட்' என்று வந்தது. கியரைப் போட்டு எடுத்துவிட்டேன்.

ஏர்வாடியில் வண்டி நின்றதும் முதலில் குதிக்கிறவர் காசிம்தான். அன்றைக்கு யாரும் குதிக்கவில்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். படிக்கட்டு காலி. கண்டக்டர் எங்கே என்று கேட்டால் வண்டியே என்னைத் திருதிருவென்று பார்க்கிறது. ரைட் சொன்னாரே என்றேன். ஆமாம் சொன்னார் என்றார்கள். முன் சீட்டுக்காரர்களுக்குக் குரல் பின்னாலிருந்து வந்திருக்கிறது. பின் சீட்டுக்காரர்களுக்கோ வெளியிலிருந்து வந்திருக்கிறது. ரைட் கேட்டதும் படியில் தொற்றிக்கொண்டார் என்றே நினைத்துவிட்டார்கள். இடது ஜன்னலோரம் இருந்த ஒரு வயதான அம்மா மட்டும் கூடுதலாக ஒன்று சொன்னார்.

"அங்கன தண்ணிக்குள்ள ஒரு ஆளு கையத் தூக்கிக்கிட்டு நின்னுச்சுப்பா. கண்டக்டரு தம்பி அதக் கூப்பிடத்தான் எறங்கிப் போச்சு."

அங்கே தண்ணீரே கிடையாது. வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தேன். உவர்த்தரையில் உப்பு ஏடு படிந்திருக்கும், மிதித்தால் நொறுங்கி அச்சு விழும். காசிமின் டயர்ச் செருப்பு அச்சு ரோட்டிலிருந்து இறங்கி நேராகக் கடலைப் பார்த்துப் போயிருந்தது. எதிரே வந்த ஆளின் அச்சு என்று ஒன்றும் இல்லை. கொஞ்ச தூரத்துக்கு அப்பால் தரை இறுகிக் கிடந்தது. அங்கே அவருடைய அச்சும் இல்லை. தொண்டை கிழியக் கத்தினேன். கானல்தான் அசைந்துகொண்டிருந்தது.

சங்கு குளிக்கிறவர்கள் கடலுக்குள் தேடினார்கள். போலீஸ் கரையில் தேடியது. செருப்பு, தொப்பி, டிக்கெட் பை ஒன்றும் அகப்படவில்லை. விசாரித்த இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, நீர் திரும்பியே பார்க்கவில்லையா என்று கேட்டார். அவருடைய ஜீப் டிரைவர் எனக்காகப் பரிந்து, ரைட் சொன்ன பிறகு எந்த டிரைவர் பார்ப்பான் அய்யா என்றார். இன்றைக்கும் நான் அதையேதான் சொல்லுவேன். அது தப்பென்றால் அந்தக் காலத்து டிரைவர்கள் அத்தனை பேரையும் கொண்டுபோய்ச் சிறையில் வைக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டார். கை காட்டினவன் தோணிக்காரனாக இருக்கும். காசிம் இறங்கி, தானே ரைட் சொல்லி வண்டியை அனுப்பிவிட்டு, கள்ளத்தோணி ஏறிக் கொழும்புக்குப் போயிருப்பார். ஊருக்கு இது போதாதா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கொழும்பில் அவருக்கு ஒருத்தி இருக்கிறாளாம், இரண்டு பிள்ளையாம், மூத்தது அவர் ஜாடையாம். ஒரு வாரத்துக்குள் அந்தப் பிள்ளைக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அதே நேரத்தில் கணக்கு பொருந்துகிறதே என்றும் இருந்தது. மச்சான் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

செய்னம்பு நிலைமைதான் சொல்லும்படியாக இல்லை. புருஷன் மவுத்து என்றால் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்தி, உள்ளறையில் இருந்து, அவருக்காக அழுது, துஆ கேட்டு அந்த நாட்களைக் கழிக்க வேண்டும். விட்டுவிட்டுப் போனார் என்றால் ஜமாஅத்தில் சொல்லி உறவை முறித்துக்கொள்ள வழி உண்டு. இவளுக்கு இரண்டுமில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்கள் சிரித்துக்கொண்டே, கொழும்பிலிருந்து கடுதாசி வந்ததா என்று கேட்பார்கள். மையத்து எடுக்கிற வீட்டுக்குப் போனால் இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பெரியவர்கள் வந்து முறித்துக்கொள்ளச் சொன்னபோது கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னாள். "மவுத்துன்னா இத்தா இருக்கேன். விட்டுட்டுப் போனாகன்னா, அத அவுக வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எதற்காக அழுவது என்று தெரிந்தால்தானே அழலாம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். அண்ணனை எங்களில் காக்கா என்போம்.

"அந்த ரைட்டு அவுக சொன்னதுதானா, காக்கா?"

அவர் சொன்னதென்றால் அவளைத் தலைமுழுகிவிட்டுப் போனார் என்று அர்த்தம். வேறு யாரோ சொன்னதென்றால், அவர் வண்டிக்குத் திரும்பி வரத்தான் இறங்கியிருக்கிறார், வர முடியாமல் போயிருக்கிறது. அவளுடைய வாழ்க்கை அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது. குரல் அவர் குரல் மாதிரிதான் இருந்தது. அவர் குரல்தான் என்று சத்தியம் செய்யவும் எனக்கு நாக்கு எழவில்லை. தெரியல தங்கச்சி என்பேன். உள்ளே போய்விடுவாள். இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது.

நான் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டேன். சம்பளத்துக்கு ஒரு டிரைவரையும் கண்டக்டரையும் போட்டேன். அடுத்த வருஷம் இரண்டாவது பஸ்ஸும் வாங்கினேன், தொழிலைக் கெடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பின்னால் ஆட்களை வைத்துக்கொண்டு என்னால் ஓட்ட முடியவில்லை. எவனாவது ரைட் என்றால் காலை எடுத்து வைக்கத் தோன்றாது. பந்தயக் காரில் மட்டும் அந்தத் தொல்லை இல்லை. பின்னால் பெட்ரோல் டாங்கிதான். ஒரு பயலும் உத்தரவு போட முடியாது. காசிம் உட்கார்ந்த இடது சீட்டையும் கழற்றி எறிந்துவிட்டு, முன்னைவிட வெறியாக ஓட்டினேன். சொன்னால் சிரிப்பீர்கள், ஜெயிக்கவும் ஆரம்பித்தேன்.

அந்தப் பந்தயமும் வெயில் காலத்தில்தான் நடந்தது. வெறுங்காலில் நடந்து, பெட்ரோல் வடிகட்டி, நட்டுகளை நானே கம்பியால் பின்னிக் கட்டினேன். கடைசிச் சுற்றில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தேன். அடுத்த கார் வெகு பின்னால் இருந்தது. கிழக்கு முனையை நோக்கிக் காரை முழு வேகத்தில் விட்டிருந்தேன். எதிரே கானல் தளும்பியது. எஞ்சின் இரைச்சலில் எனக்கு நான் கத்தினாலே கேட்காது. அப்போது இடது காதுக்குப் பின்னால், பஸ்ஸில் எந்த இடத்திலிருந்து வருமோ அந்த இடத்திலிருந்து வந்தது.

"ஓல்டான்."

காலுக்கு யோசிக்கத் தெரியாது என்று சொன்னேனே, மிதித்துவிட்டது. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு, டயர் கருகி, குறுக்காகப் போய் நின்றது. மற்ற கார்கள் என்னைச் சுற்றிக்கொண்டு பறந்தன. அதற்குப் பின் எஞ்சின் தானாகத் துடித்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும்தான். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. திரும்பவில்லை. தைரியம் இல்லாமல்தான் திரும்பவில்லை.

பஸ் ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். படியில் ஒருவர் கால் வைத்தால் இடது ஸ்பிரிங் ஒரு நொடி அமுங்கும். அதை டிரைவரின் முதுகு சொல்லும். சீட்டே இல்லாத அந்த இடது பக்கம் அமுங்கியது. அமுங்கியபடியே நின்றது. கலிமா சொல்ல வாயைத் திறந்தேன், வாய் ஒத்துழைக்கவில்லை. பின்பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு விழுந்தது.

"ரைட்."

வண்டியை எடுத்தேன். கொடியை நோக்கிப் போகவில்லை. மெதுவாக ஊர்ந்து வந்து, கார்களைக் கழுவும் இடத்தைத் தாண்டி, வேலித் திறப்பு வழியாக ரோட்டுக்கு ஏறினேன். மேஜர் மேடையிலிருந்து இறங்கி இரண்டு எட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் பக்கத்தில் பார்த்தார். கையில் இருந்த கொடியைக் கீழே இறக்கிக்கொண்டு ஒதுங்கி வழி விட்டார்.

ராமநாதபுரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. எண் எழுதின பந்தயக் காரோடு ரோட்டில் நின்றேன். பார்வையை நேரே வைத்துக்கொண்டிருந்தேன். கேட்காரர் என்னைத் தெரியாதவர். வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"ரயிலு வர நேரமாகும். ரெண்டு பேரும் எறங்கி இங்கன நெழல்ல நில்லுங்களேன்."

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். கேட் திறந்ததும் கீழக்கரை ரோட்டைப் பிடித்தேன். இடது பக்கம் அமுங்கினது அமுங்கினபடியே வந்தது. பயம் போன இடம் தெரியவில்லை. அழுகைதான் வந்தது. மச்சான், மச்சான் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

தங்கச்சி வீட்டு வாசலில் நிறுத்தினேன். அந்தச் சந்தில் பந்தயக் கார் வந்தால் சும்மா இருக்குமா, பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் கதவிடுக்கில் கூடிவிட்டார்கள். செய்னம்பு வாசற்படி வரைக்கும் வந்தாள். இறங்கும்போதுதான் முதல் தடவையாக இடது பக்கம் பார்த்தேன். வெறும் தகரம். தூசிகூடக் கலையவில்லை.

நடந்ததைச் சொன்னேன். நிறுத்தச் சொன்னதைச் சொன்னேன், ஸ்பிரிங் அமுங்கினதைச் சொன்னேன், தகரத்தில் தட்டி ரைட் சொன்னதைச் சொன்னேன். நம்பாமல் என்னை உள்ளே உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வேறு ஏதோ ஓடியது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டிட்டா ரைட்டு சொன்னாக?"

"ஆமா. எப்பவும் போல ரெண்டு தட்டு."

"அன்னைக்கி தட்டுனாகளா, காக்கா?"

போலீஸ் குரலைக் கேட்டது, ஜமாஅத் குரலைக் கேட்டது, நானும் இரண்டு வருஷமாக அந்தக் குரலையே மென்றுகொண்டிருந்தேன். இதை ஒருவரும் கேட்கவில்லை. காசிம் தகரத்தைத் தட்டாமல் ஒரு தடவைகூட ரைட் சொன்னதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே நிலைக்கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் படி இறங்குவாராம், அன்றைக்குத்தான் செய்னம்பு சொல்லித் தெரியும். அந்தத் தட்டு பஸ் தகரம் வழியாக வந்து என் சீட்டில் அதிரும். சித்திரை மாசத்து அந்த மத்தியானத்தை உடம்பில் திரும்பக் கொண்டுவந்து பார்த்தேன். நிசப்தம். ஒரு குரல். சீட்டு அதிரவில்லை.

"தட்டல" என்றேன். "அல்லா மேல ஆணையா தட்டல, தங்கச்சி."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக அடக்கி வைத்த அழுகை ஊரே கேட்கும்படி வெடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து, வாசலில் உட்கார்ந்து என்ன இது என்று முக்காட்டை இழுத்துவிட்டு அவளை உள்ளே தூக்கப் பார்த்தார்கள். கொழும்புக் கடுதாசி கேட்டவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் கையைச் செய்னம்பு உதறினாள்.

"வெள்ளத்துணி எடுத்தாங்கடி. நான் மவுத்தானவுக பொஞ்சாதி. விட்டுட்டுப் போனவுக பொஞ்சாதி இல்ல."

அன்றைக்கே இத்தா இருக்க ஆரம்பித்தாள். அந்த அழுகைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்துவிட்டது. இத்தா முடிந்து கல்யாண வீடுகளுக்குப் போனாள், சிரித்தாள், சண்டை போட்டாள், என் பிள்ளைகளை வளர்த்தாள், நல்லபடியாக வாழ்ந்து மவுத்தானாள். நான் அதற்கப்புறம் எந்த வண்டியையும் ஓட்டவில்லை.

அவளுக்குக் கிடைத்த பதிலில் எனக்கு ஒரு கேள்வி மிச்சம் வந்தது. அவர் சொல்லவில்லை என்றால், அவர் குரலில் வேறு எதுவோ சொல்லியிருக்கிறது. அதன் உத்தரவுக்குத்தான் நான் என் மச்சானை அந்த உவர்த்தரையில் விட்டுவிட்டு, நாற்பது பேரோடு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அது என்ன என்று செய்னம்பு என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேருமாவது சேர்ந்து பயந்திருக்கலாம்.